குட்டிக்கு ஒரு வாய்ப்பூட்டு

அந்தத் தெருவில் பை கிழிந்தவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஜிப்பின் பல் போனாலும், வார் அறுந்தாலும், பள்ளிக்கூடப் பையின் அடி விட்டுப்போனாலும், "பைக்காரம்மாகிட்ட குடு, பாத்துக்குவாங்க" என்பார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மிதி மெஷின், ஒரு நீள மேஜை, சுவர் ஆணிகளில் தொங்கும் தோல் வார்கள். வாசல் கதவு இரண்டு பாதியாக இருக்கும். மேல்பாதி நாள் முழுக்கத் திறந்திருக்கும், கீழ்ப்பாதி மூடியிருக்கும். வருகிறவர்கள் கீழ்க்கதவின் மேல் பையை வைத்து, நோயாளியை டாக்டரிடம் காட்டுகிற மாதிரி குறையைச் சொல்வார்கள்.

முன்பு ரிப்பேர் மட்டுமில்லை, புதுப் பையே செய்தார்கள். கணவர் அளந்து வெட்டுவார், அவள் தைப்பாள். கல்யாணமான மறு மாதத்திலிருந்து அப்படித்தான். தெருவே அவருக்குக் கத்தரிக்காரர் என்று பேர் வைத்துவிட்டது. இஞ்ச் டேப் எங்கே கிடக்கிறதென்றுகூட அவளுக்குத் தெரியாது, மெஷினுக்கு எண்ணெய் எங்கே விடுவதென்று அவருக்குத் தெரியாது. "ஒரு ஆளுக்கு ரெண்டு கை பத்தாதுன்னுதான் கடவுள் நம்மளை சேத்து வெச்சிருக்கான்" என்பார் அவர்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் தேய்க்கப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. நாக்கும் இழுத்துக்கொண்டது. ஒரு சொல்லைச் சொல்ல, ஒரு மூட்டை தூக்குகிற பாடு படுவார். புதுப் பை செய்வது அன்றோடு நின்றது. அவள் ரிப்பேர் வேலையை மட்டும் வாங்கினாள். கத்தரியைத் துணியில் சுற்றி மேஜையின் இழுப்பறையில் வைத்தாள்.

"மருந்து பாதி, நடை பாதி. தினம் நடக்கணும், விட்டீங்கன்னா கால் மறந்துடும்" என்றார் டாக்டர். அவள் கெஞ்சினாள், கோபித்தாள், கடவுள் பேரைச் சொன்னாள். மனிதர் அசையவில்லை. அசைத்தது பட்டன்தான்.

பட்டன் ஒரு சின்ன நாய். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க வராத ஒரு பழைய பையில், எங்கிருந்தோ வந்து படுத்துக்கொண்ட குட்டி. வெள்ளை உடம்பு, கறுப்புப் பொத்தான் மாதிரி இரண்டு கண். மாலை நான்கு மணியானால் அது கத்தரிக்காரரின் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் போடும். மனைவி சொல்லிக் கேட்காதவர் நாய் சொன்னால் கேட்டார். வலது கையில் கம்பு இருப்பதால் நாயின் கயிற்றைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. எனவே அவள் மெத்தென்று ஒரு தோல் பட்டி தைத்து, அவருடைய செயலற்ற இடது மணிக்கட்டில் மாட்டி, கயிற்றை அதில் கோத்துவிட்டாள். வீட்டு வாசலிலிருந்து திருப்பத்துத் தபால் பெட்டி வரை போய், தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் நடை.

தட், சரக். தட், சரக். கம்பு ஒரு சத்தம், இழுக்கிற கால் ஒரு சத்தம். அவள் மெஷினில் உட்கார்ந்தபடியே காதால் கூடப் போவாள். பெட்டியைத் தொட்டதும் ஒரு 'டங்' கேட்கும். மோதிர விரலால் தட்டுவார். அந்த டங் கேட்டால் அவளுக்கு அன்றைய பொழுது நல்லபடி போனது என்று அர்த்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை, டங் கேட்கவில்லை.

தட், சரக் என்று போய்க்கொண்டிருந்த சத்தம் நடுவழியில் நின்றது. அப்புறம் பட்டன் கத்தியது. குரைப்பில்லை, குழந்தை கத்துகிற மாதிரி ஒரு வீறல். கையில் இருந்த குத்தூசியோடு அவள் வெளியே ஓடினாள்.

பக்கத்து வீட்டு இரும்புக் கேட் திறந்து கிடந்தது. அந்த வீட்டு நாய் பட்டனைத் தோள்பட்டையில் கவ்வித் தரையோடு அழுத்தி உதறிக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டி உயரம் இருக்கும் அந்த நாய்க்கு வைத்த பேர் குட்டி. பட்டனை அது உதறும்போதெல்லாம் கயிறு இழுபட்டு, மணிக்கட்டுப் பட்டியோடு கத்தரிக்காரரும் சேர்ந்து ஆடினார். சுவரில் தோளைக் கொடுத்துச் சாய்ந்து, கம்பைத் தரையில் ஊன்றி, வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தம் வரவில்லை.

அவள் என்ன செய்தாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. முந்தானையைக் குட்டியின் முகத்தில் போட்டு அமுக்கினாளாம். அந்த வீட்டுக்காரரான லாரிக்காரர் பனியனோடு ஓடி வந்து கழுத்துப் பட்டியைப் பிடித்து முறுக்கின பிறகுதான் அந்த வாய் திறந்தது.

"ஒண்ணுமில்ல தங்கச்சி, ஒண்ணுமில்ல. விளையாட்டுக்குப் பண்ணிருச்சு."

"விளையாட்டா? ரத்தத்தப் பாருங்கண்ணே!"

"அது கடிக்கிற ஜாதியே இல்லம்மா. குரைக்கிற நாய் கடிக்காதும்பாங்க."

"உங்க நாய் குரைக்கவே இல்லையே! நேரா வந்துல்ல கடிச்சுது!"

லாரிக்காரர் நாயை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினார். பத்து வருஷமாக அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டவள், அன்றோடு அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

கால்நடை டாக்டர் பட்டனுக்குப் பதினொரு தையல் போட்டார். அவள் கண்ணைத் திருப்பாமல் பார்த்தாள்.

"எல்லாரும் இந்த நேரத்துல வெளிய போயிடுவாங்க. நீங்க இப்படிப் பாக்குறீங்களே?"

"நான் பை தைக்கிறவம்மா. ஒரே அளவா போட்டிருக்கீங்க. நல்ல தையல்" என்றாள். சொல்லி முடித்ததும்தான் அழுகை வந்தது.

பட்டன் பிழைத்துக்கொண்டது. முன்கால் கொஞ்சம் தாங்கியது. பிழைக்காமல் போனது வேறொன்று. மறுநாள் நான்கு மணிக்குச் செருப்பைக் கவ்விக்கொண்டு பட்டன் நொண்டி நொண்டிப் போனது. கத்தரிக்காரர் செருப்பைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"என்னங்க... நான் கூட வர்றேன். ரெண்டு அடி வெச்சா போதும்."

ஒவ்வொரு சொல்லாகக் கல் பொறுக்குகிற மாதிரி அவர் சொன்னார்.

"கம்பைத்... தூக்கினா... நான் விழுந்துருப்பேன்."

அவளுக்குப் புரிந்தது. அடிக்கக் கையில் கம்பு இருந்தது. ஆனால் அந்தக் கம்புதான் அவருடைய கால். கண் முன்னால் பட்டனை அந்த நாய் கிழித்தபோது, மனிதர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். அதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அதன் பிறகு அவர் சாப்பிட மட்டும் எழுந்தார். மூன்றாம் நாள் அவர் கட்டிலிலிருந்து இறங்குகையில் இடது பாதம் மடங்கிக்கொண்டு போவதை அவள் பார்த்தாள். கால் மறந்துடும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது.

விஷயம் கேள்விப்பட்டு அவள் தம்பி வந்தான். மூக்கு நுனியில் கோபம் உள்ளவன்.

"எதுக்குக்கா இவ்வளவு யோசனை? ஒரு துண்டு கறி, அதுல கொஞ்சம் மருந்து. காலையில நாயும் இருக்காது, தொல்லையும் இருக்காது."

"வாயைக் கழுவுடா. உயிரைக் குடுத்தவன் மேல இருந்து பாத்துட்டிருக்கான்."

"அவன் அன்னிக்கு நாலு மணிக்கும் பாத்துட்டுதான் இருந்தான்."

தம்பி போன பிறகு விளக்கின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பெரிய பிரார்த்தனையெல்லாம் தெரியாது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி பேசுவாள். 'அவன் சொன்னப்போ எனக்கும் ஒரு நிமிஷம் நல்ல யோசனையாத்தான் பட்டுது. நீ அதைக் கேக்காத மாதிரி இருந்துக்கோ. ஆனா வேற வழி ஒண்ணு காட்டு. என் மனுஷன் நடக்கணும், அவ்வளவுதான்' என்றாள்.

திங்கட்கிழமை வழி தேடி நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் ஒரு மனுத்தாளை எடுத்துக் கொடுத்தார். அட்டை மாதிரி தடித்த தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க. சனிக்கிழமை வண்டி அந்தப் பக்கம் வருது, தூக்கிடுவோம்."

"திரும்பக் குடுத்துடுவீங்களா?"

"கடிச்ச நாய்மா. திரும்பி வர்றது கஷ்டம்தான்."

"வேற வழி?"

"வாய்ப்பூட்டு போட்டு, கயிறைக் கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா சட்டப்படி தப்பில்ல. ஆனா உங்க பக்கத்து வீட்டுக்காரர் கேப்பாரா? அது உங்களுக்குத்தான் தெரியும்."

தாளை மடிக்காமல் கொண்டுவந்து இழுப்பறையில், கத்தரிக்கு மேலே வைத்தாள். எழுதத் தெரியாமல் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான். பேனா எடுக்கும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர் அந்த நாயோடு பேசுகிற குரல் கேட்டது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் வேறு குரல் இல்லை. "குட்டி, சாப்டியாடா? குட்டி, மழை வருமாடா?"

செவ்வாய் போய் புதன் காலை, கீழ்க்கதவின் மேல் ஏதோ ஒன்று வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். லாரிக்காரர். மற்ற வாடிக்கைக்காரர்களைப் போலவே நின்றார். கதவின் மேல் நைலான் வாய்ப்பூட்டுகள் இரண்டு, நார் நாராகக் கிழிந்து கிடந்தன.

"இதைத் தைச்சுத் தர முடியுமா?"

அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். கோபம் எவ்வளவு இருந்தாலும், கிழிந்ததைக் கண்டால் புரட்டிப் பார்க்காமல் இருக்க அந்தக் கைகளுக்குத் தெரியாது.

"இது தேறாதுங்க. கடையில விக்கிற சாமான் எல்லா மூஞ்சிக்கும் ஒரே அளவு. நகத்தால கிழிச்சிருக்கு."

"ஒரே நாள்ல ரெண்டு" என்றார் அவர். அவர் குரலில் அப்போதும் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை அவரே கேட்டிருப்பார் போல, தலையைக் குனிந்துகொண்டார்.

"நகராட்சிக்குப் போனீங்கன்னு சொன்னாங்க. போனது தப்பில்ல. ஆறு வருஷம் லாரியில என் பக்கத்துலதான் அது படுத்துச்சு. சரக்குகிட்ட எவன் வந்தாலும் விடாதேன்னு நான்தான் பழக்கினேன். இப்ப லாரியும் இல்ல, சரக்கும் இல்ல. அதுக்கு அது தெரியல. தெருவே சரக்குன்னு நெனச்சுட்டிருக்கு." கீழ்க்கதவின் மேல் இரண்டு கையையும் ஊன்றினார். "தோல்ல ஒண்ணு செஞ்சு தர்றீங்களா?"

பட்டன் மேஜைக்கு அடியிலிருந்து உறுமியது. மேஜைக்கு அடியிலிருந்தபடியே உறுமுகிற உறுமலுக்கு எவ்வளவு தைரியம் தேவையோ அவ்வளவு.

"நாளைக்கு வாங்க" என்றாள் அவள்.

தெய்வமே கையைப் பிடித்து வழி காட்டிவிட்டது என்றுதான் நினைத்தாள். வழி காட்டினது தெய்வம்தான். ஆனால் நடந்து போனவள் அவளாயிற்றே. அவள் செய்த தப்பு அங்கேதான்.

புதுச் சாமான் என்றால் வெட்டுவது அவர் வேலை. உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மனிதரிடம் போய், உங்களைக் குனியவைத்த அந்த நாய்க்கு அளவெடுங்கள் என்று எப்படிச் சொல்வது? வெட்ட முடியாதவரிடம் கத்தரியை நீட்டினால் குத்திக்காட்டுவது போல் ஆகாதா? 'முப்பது வருஷமா அவர் வெட்டினதைப் பாத்தவளுக்கு இது ஒரு பெரிய வித்தையா' என்று தன்னைத் தானே தைரியப்படுத்திக்கொண்டாள். பின்பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்து, மேலே ஏறி, மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

குட்டி அவளைக் கண்டதும் பாய்ந்து வந்து மதிலில் இரண்டு காலையும் வைத்து, முழு வாயையும் திறந்து குரைத்தது. பல், நாக்கு, தொண்டைக் குழி வரை தெரிந்தது. அவள் பயத்தில் மதில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். சூட்கேஸைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது அந்த வாய். அந்த அளவைக் கண்ணில் வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஒரு பழைய தோல் பெட்டியின் மூடியை அறுத்து, வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, பக்கிள் வைத்தாள். தையலில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை மாலை மூன்றரைக்கு, ஒத்திகை பார்ப்பதென்று பேச்சு. லாரிக்காரர் குட்டிக்கு வாய்ப்பூட்டை மாட்டி, அவள் வாசல் வழியாக ஒரு முறை அழைத்துப் போக வேண்டும். அவள் கணவரைக் கெஞ்சி எழுப்பி, முன்னறை நாற்காலியில் உட்காரவைத்தாள். பட்டன் அவர் மடியில். 'தன் கண்ணால பாத்தாத்தான் அவருக்குத் தைரியம் வரும்' என்பது அவள் கணக்கு. கீழ்க்கதவைத் திறந்து படியில் நின்றாள்.

குட்டி வந்தது. கறுப்புத் தோலுக்குள் வாய் அடங்கியிருந்தது. நான்கு அடி நன்றாகத்தான் நடந்தது. ஐந்தாவது அடியில் பட்டனின் வாடை அதற்குக் கிடைத்தது. நின்றது. தலையை ஒரு உதறு உதறியது. முன்காலால் முகத்தை ஒரு தேய்ப்பு தேய்த்தது. வாய்ப்பூட்டு வழுக்கி, மாலை மாதிரி கழுத்தில் விழுந்தது.

அடுத்த மூச்சில் அது பாய்ந்தது. லாரிக்காரர் கயிற்றை விடவில்லை. குப்புற விழுந்து, முழங்கால் தரையில் தேய, இழுபட்டு வந்தார். அவள் உள்ளே தாவிக் கீழ்க்கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளவும், குட்டியின் இரண்டு பாதமும் கதவில் வந்து மோதவும் சரியாக இருந்தது. கதவுக்கு மேல் அதன் தலை எழுந்தது. மூச்சின் சூடு அவள் முகத்தில் அடித்தது. நாற்காலியில் கத்தரிக்காரர் வலது கையால் பட்டனைத் தன் சட்டைக்குள் அழுத்திப் பிடித்திருந்தார்.

அவள் மேல்கதவையும் இழுத்துச் சாத்தினாள். அறை இருட்டானது. வெளியே நகங்கள் மரத்தைப் பிறாண்டின, அப்புறம் மெல்ல மெல்ல விலகின.

"உங்க தையலை நம்பித்தானே கூட்டி வந்தேன்!" வெளியிலிருந்து லாரிக்காரர் கத்தினார்.

"உங்க நாயை நம்பி நான் கதவைத் திறந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் கதவில் முதுகைச் சாய்த்தபடி தரையில் உட்கார்ந்தாள். முடிந்தது. இனி இவர் எந்த ஜென்மத்தில் எழுந்து நடப்பார்? நானே தீர்த்துக் கட்டிவிட்டேன். நாளை வெள்ளி. மனுத்தாளை எழுதிவிட வேண்டியதுதான்.

"அ... அளவு."

அவள் நிமிர்ந்தாள்.

"யாரு... எடுத்தது?"

"நான்தாங்க. கண்ணால பாத்து."

"எப்ப... பாத்தே? வாய்... திறந்திருந்தப்பவா?"

அவள் தலையாட்டினாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் என்னவோ ஒன்று அசைந்தது. கோபமா சிரிப்பா என்று இருட்டில் தெரியவில்லை.

"பயந்துகிட்டே... அளந்தா... எலியும்... யானை அளவுதான்." அவ்வளவு நீளமாக அவர் பேசிப் பல மாதம் ஆயிற்று. மூச்சு வாங்கியது. பிறகு சொன்னார்: "நூலை எடு. கம்பை... எடு."

"இப்பவா? அங்கயா?"

"ஒரு... தோலைக் கெடுத்துட்டே. இன்னொண்ணு... கெடுக்க... விட மாட்டேன்."

பட்டனை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். அது செருப்பைக் கவ்விக் கொண்டுவராமலே, கயிறு மணிக்கட்டில் இல்லாமலே, அவர் எழுந்தார். மடங்குகிற பாதத்தை அவள் குனிந்து நேராக்கிவிட்டாள். வாசற்படியில் ஒரு முறை தடுமாறினார், நிலையைப் பிடித்துக்கொண்டார். தட், சரக். பதினேழு அடிதான் பக்கத்து வீட்டுக்கு. பதினேழையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள்.

லாரிக்காரர் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டில் நிற்பவரைப் பார்த்ததும் கையில் இருந்த குவளை அப்படியே நின்றது. சண்டை போட ஆள் வந்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்.

"அளவெடுக்க வந்திருக்கார்" என்றாள் அவள்.

லாரிக்காரர் குவளையைக் கீழே வைத்தார். வாசல் நடையில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, குட்டியை முதுகுப்பக்கமாகத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் இழுத்து, கழுத்துப் பட்டியை இரண்டு கையாலும் இறுக்கினார். கத்தரிக்காரருக்கு ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார். அதன் மேல் உட்கார்ந்தவருக்கும் அந்த வாய்க்கும் நடுவே இரண்டு சாண்.

மெழுகு நூலின் ஒரு நுனியைக் கத்தரிக்காரர் வலது கையில் பிடித்தார். மறு நுனியைப் பிடிக்க இடது கை இல்லை. அவளைப் பார்த்தார்.

அவள் மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டாள். குனிந்து, நூலின் மறு நுனியை வாங்கி, குட்டியின் தாடைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். உறுமல் தொடங்கியது. வெளியே சத்தமாக வரவில்லை. மெஷின் ஓடும்போது மேஜையில் கை வைத்தால் தெரியுமே ஒரு அதிர்வு, அப்படி அவள் விரலுக்குள் ஓடியது.

"பேசிட்டே இருங்க" என்றாள் லாரிக்காரரிடம், உதடு அசையாமல்.

"குட்டி... ஒண்ணுமில்லடா. பைக்காரம்மாடா. நம்ம பைக்காரம்மா. சட்டை தைக்கிறாங்கடா உனக்கு..."

"விரல்" என்றார் கத்தரிக்காரர்.

"என்னது?"

"நூலுக்கும்... தாடைக்கும் நடுவுல. உன் விரல். ஒண்ணு. மூச்சு... வாங்கணும்ல அது. நாக்கு... நீட்டணும்."

அவள் சுண்டு விரலை நுழைத்தாள். ஈரமான ரோமம், அதற்கு அடியில் எலும்பு. குட்டியின் மேலுதடு சுருங்கி, ஒரு கோரைப் பல் வெளியே வந்து அவள் நகத்தின் மேல் உட்கார்ந்தது. கடிக்கவில்லை. உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். கத்தரிக்காரர் அவசரப்படவே இல்லை. மூக்கைச் சுற்றி ஒரு முடிச்சு. மூக்கு நுனியிலிருந்து கண்ணுக்கு நடுவரை ஒரு முடிச்சு. காதுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து ஒற்றைக் கையால் இறுக்கினார். அந்தக் கை நடுங்கவில்லை. முப்பது வருஷம் அவள் பார்த்த அதே கை.

"போதும்" என்றார்.

அவள் விரலை எடுத்தாள். அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். வாய் மூடியிருக்கும்போது அது அவ்வளவு பெரிய முகமில்லை. கண்ணோரம் நரைத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "தடிச்ச... தாள் குடு" என்றார். வரைந்து பார்த்துத்தான் தோலில் வெட்டுவார், அது அவர் வழக்கம். அவள் வீடெல்லாம் தேடினாள். இழுப்பறையைத் திறந்தாள். மனுத்தாள் கிடந்தது, அதற்கு அடியில் துணி சுற்றிய கத்தரி. ஒரு நிமிடம் நின்றாள். பிறகு இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் தாளின் பின்பக்கம் வரைந்தார். அவள் தாளையும் தோலையும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க, அவர் வெட்டினார். முதல் வெட்டு கோணலாகப் போனது. முணுமுணுத்துக்கொண்டு ஓரத்தைத் திருத்தினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கடைசித் தையலை முடித்தாள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புதியது ஒன்றரை விரல் சின்னது. ஒன்றரை விரல் பயம்.

சனிக்கிழமை நகராட்சி வண்டி வந்தது. அலுவலகத்தில் பார்த்த அதே மனிதர் இறங்கினார். லாரிக்காரர் குட்டியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். குட்டி தலையை உதறியது, காலால் தேய்த்தது, தரையில் புரண்டது. வாய்ப்பூட்டு இம்மி நகரவில்லை. வந்தவர் இழுத்துப் பார்த்தார்.

"இது கடையில வாங்கினதில்லையே. யார் செஞ்சது?"

கீழ்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கத்தரிக்காரர், "நாங்க" என்றார்.

"சரிம்மா, மனு எழுதினீங்களா?"

அவள் உள்ளே போய்த் தாளை எடுத்து வந்தாள். நடுவில் நாய் மூக்கு வடிவத்தில் ஓட்டை விழுந்திருந்தது. வந்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வழியாக லாரிக்காரரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"சர்க்கார் தாள்மா இது."

"நல்ல தாளுங்க. வரைஞ்சா மை ஊறவே இல்ல" என்றாள் அவள், பயபக்தியோடு. வண்டி காலியாகவே போனது.

அதற்காகக் குட்டி சாதுவாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆறு வருஷப் பழக்கம் ஒரு வாரத்தில் போகாது. வாய்க்குப் பூட்டு போடலாம், மனசுக்கு யார் போடுவது? லாரிக்காரர் அதைக் காலையில் மட்டும் அழைத்துப் போனார், கேட்டுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் வைத்தார். மணிக்கட்டுப் பட்டியையும் அவள் மாற்றித் தைத்தாள். வலது கையின் ஒரே விரலால் தட்டினால் கழன்றுகொள்கிற கொக்கி வைத்தாள். ஆபத்தென்றால் கம்பை விடாமலே பட்டனை அவிழ்த்துவிட வேண்டுமென்று அவர் கேட்டது அது.

மறு திங்கட்கிழமை, நான்கு மணி. பட்டன் செருப்பைக் கொண்டுவந்து போட்டது. இரண்டு பேரும் நொண்டிக்கொண்டு வெளியே போனார்கள். அவள் மெஷினில் உட்கார்ந்தாள். தட், சரக்.

அன்றைக்கென்று லாரிக்காரர் காலையில் எங்கேயோ போய்விட்டு, குட்டியை மாலையில்தான் வெளியே அழைத்து வந்திருந்தார். எதிரே குட்டியும் அவரும். அவளுக்கு அது தெரியாது. தட், சரக் நின்றது மட்டும் கேட்டது. தோலுக்குள் அமுங்கிய ஒரு உறுமல் கேட்டது. ஊசி பாதித் தையலில் நின்றது. எழுந்தாள், கீழ்க்கதவில் கை வைத்தாள். ஓடிப் போய்க் குறுக்கே நிற்கக் கால் பரபரத்தது. போனால் இன்றைக்கு மட்டும் காப்பாற்றலாம். நாளைக்கு அவர் எழுந்திருக்க மாட்டார். தாழ்ப்பாளின் மேல் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, "நீ பாத்துக்கோ" என்று மேலே பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள்.

"அப்படியே நில்லுங்க, நான் சுவரோரமா ஒதுங்கிக்கறேன்" என்று லாரிக்காரர் குரல்.

"நீ... போப்பா" என்றது அவள் கணவர் குரல். "எனக்கு... வழி இருக்கு."

ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் போனது. எவ்வளவு நேரம் என்று அவளைக் கேட்டால் ஒரு யுகம் என்பாள்.

தட்.

சரக்.

அவள் கதவை விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆனால் மிதியில் காலை வைக்கவில்லை. தூரத்தில், திருப்பத்தில், டங் என்று கேட்ட பிறகுதான் மெஷினை ஓட்டினாள்.

சற்றுப் பொறுத்துக் கீழ்க்கதவுக்கு வெளியே லாரிக்காரர் தலை தெரிந்தது.

"தங்கச்சி, இந்தப் பக்கிள் பக்கத்துல ஒரு தையல் விட்ட மாதிரி இருக்கு, பாக்குறியா?"

"என் தையல் விடாதுண்ணே" என்றாள் அவள், தலை நிமிராமல். "கழட்டாம அப்படியே கொண்டுவாங்க, பாக்கறேன்."